சிப்பிப்பாறைக் குட்டி, 9 மாதம்: எடை ஏறவே மாட்டேன் என்கிறது

கோவில்பட்டி_செவலை | மார்ச் 2, இரவு 9:40

வணக்கம். இங்கே முதல் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு சிப்பிப்பாறை ஆண் குட்டி இருக்கிறான். செவலை நிறம், பெயர் வீரன், 9 மாதம் முடிந்துவிட்டது. தோள் உயரம் 24 அங்குலம், எடை 13.6 கிலோ. அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக இந்த எண் அசையவே இல்லை. உயரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

காலையில் ஒரு டம்ளர் பால், நான்கு மேரி பிஸ்கட். மதியமும் இரவும் தயிர்சோறு, வயிறு நிறைய. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி. தட்டை நக்கித் துடைத்துவிடுகிறான், ஓட்டமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தெருவில் கூட்டிக்கொண்டு போனால், "தம்பி, இதுக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்று கேட்காத ஆள் இல்லை. எதிர்வீட்டு ஐயா நேற்று தன் வீட்டுச் சோற்றையே கொண்டுவந்து வைத்துவிட்டார். மானம் போகிறது.

என்ன கொடுத்தால் சதை பிடிக்கும்?

திருப்பூர்_ஜிம் | மார்ச் 2, இரவு 10:05

மாஸ் கெய்னர் பவுடர் ரெண்டு ஸ்பூன் பாலில் கலந்து கொடுங்க ப்ரோ. ஒரே மாசத்தில் ஏறிடும். என் ராட்வைலருக்குக் கொடுத்தேன்.

தோட்டத்து_வீடு | மார்ச் 2, இரவு 10:31

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மனிதர்களுக்கான அந்தப் பவுடர்களில் பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். சிலவற்றில் சாக்லேட் சுவைக்குக் கோகோ இருக்கும், சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு. இரண்டுமே நாய்க்கு விஷம். சைலிடால் கொஞ்சம் உள்ளே போனாலும் இரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

கரிசக்காட்டான் | மார்ச் 3, காலை 6:12

தம்பி, பதறாதீங்க. சிப்பிப்பாறை என்றாலே ஒல்லிதான். எங்கள் தாத்தா காலத்தில் முயல் வேட்டைக்கு வைத்திருந்த நாய்கள் எல்லாம் வில் மாதிரி வளைந்த முதுகும் ஒட்டிய வயிறுமாகத்தான் இருக்கும். (வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. இப்போது முயலை அடித்தால் ஆள் உள்ளே போகவேண்டியதுதான்.) கம்பங்கூழும் மோரும் குடித்தே வளர்ந்தன. சதை போட்ட சிப்பிப்பாறையைப் பார்த்தால் ஊரில் சிரிப்பார்கள்.

பிறகு இந்த வயசு. 9 மாதத்தில் ஒரு பையன் எப்படி இருப்பான்? நம் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிறானே, கைகால் மட்டும் நீண்டு சட்டை தொளதொளவென்று, அதே கதைதான். முதலில் எலும்பு நீளும், அகலம் பிறகுதான் வரும். வேட்டை இனங்களுக்கு உடம்பு கட்ட ஒன்றரை வயசு, இரண்டு வயசுகூட ஆகும்.

ஆனால் எல்லாவற்றையும் "இனம் அப்படி" என்று தள்ளிவிடவும் கூடாது. கண்ணால் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள். உங்கள் கையை விறைப்பில்லாமல் நீட்டி, புறங்கைமேல் மறுகை விரல்களை ஓட்டிப் பாருங்கள். எலும்பு தெரியும், ஆனால் மேலே மெல்லிய சதைப் படலம் இருக்கும். விலா அப்படி இருந்தால் நல்ல உடம்பு. கையை முஷ்டியாக மடக்கி மொளி மேல் தடவினால் எப்படி உறுத்துகிறதோ அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையில் விரல் தொடங்கும் மேட்டைத் தடவியதுபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவதும், இடுப்பெலும்பு முனை லேசாகத் துருத்துவதும் சரிதான். அதற்கு மேல் போனால் சொல்லுங்கள்.

கோவில்பட்டி_செவலை | மார்ச் 3, காலை 8:50

ஐயா, தடவிப் பார்த்தேன். முஷ்டி மொளி மாதிரிதான் இருக்கிறது. விலா கடைசி மூன்று மட்டும் இல்லை, முன்னங்கால் பக்கத்திலிருந்தே எண்ணலாம். முதுகெலும்பு உருத்திராட்ச மாலை மாதிரி ஒவ்வொரு மணியாகக் கைக்கு வருகிறது. தொடையில்கூடச் சதை குழிந்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன்: மூன்று வாரமாக மலம் அவ்வப்போது இளகி, கறுப்பாகப் போகிறது.

கால்நடை_இறுதியாண்டு | மார்ச் 3, மதியம் 1:20

நான் இன்னும் டாக்டர் இல்லை, கடைசி வருட மாணவி. எனவே இதை வைத்து மருந்து முடிவு செய்யாதீர்கள்.

கொழுப்பு இல்லாமல் இருப்பது வேறு, தசை கரைவது வேறு. வேட்டை இனங்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் தொடை திரண்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் தசை நிரம்பி இருக்கவேண்டும். ஓடும் நாய்க்குத் தொடை குழிந்திருக்கிறது என்றால் அதை இனத்தின் தலையில் கட்டமுடியாது. 9 புள்ளி உடல்நிலை அளவுகோலில் (1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிகக் கொழுத்தது) 4 அல்லது 5 இருக்கவேண்டும். நீங்கள் சொல்வது 2க்கும் 3க்கும் இடையில் வரும் போலிருக்கிறது.

மூன்று கேள்வி:
குடல்புழுவுக்கான பூச்சி மருந்து கடைசியாக எப்போது, எத்தனை மாத்திரை?
மேல் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பாருங்கள். ரோஜாவா, வெளிறியா?
உண்ணி இருந்ததா?

கோவில்பட்டி_செவலை | மார்ச் 3, மாலை 6:02

பூச்சி மருந்து தவறியதே இல்லை அக்கா. மூன்று மாதம் ஆனதும் தானாகக் கொடுத்துவிடுவேன். முதலில் மருந்துக் கடைக்காரர் சொன்ன மாதிரி அரை மாத்திரை. கடைசியாக ஜனவரியில்.

ஈறு வெளிறித்தான் தெரிகிறது, அம்மாவும் அதையே சொன்னார்கள். உண்ணி மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து எடுத்திருப்பேன், இப்போது இல்லை.

கால்நடை_இறுதியாண்டு | மார்ச் 3, மாலை 6:30

"முதலில் அரை மாத்திரை." அப்போது வீரன் எத்தனை கிலோ? ஜனவரியில் எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள்?

கோவில்பட்டி_செவலை | மார்ச் 3, மாலை 6:41

அப்போது 5 கிலோ இருப்பான்.

ஜனவரியிலும் அரைதான்.

ஐயோ.

கால்நடை_இறுதியாண்டு | மார்ச் 3, இரவு 8:15

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மாத்திரைகளில் 10 கிலோவுக்கு ஒன்று என்று இருக்கும். 5 கிலோக் குட்டிக்குச் சரியாக இருந்த அளவையே 13 கிலோ நாய்க்கும் கொடுத்து வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, இது அடிக்கடி நடப்பதுதான். தேதி நினைவிருக்கும், எடை நினைவிருக்காது.

கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். ஈறு வெளிறுவதற்கும் மலம் கறுப்பாகப் போவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சலிலும் ஈறு வெளிறும், எடை இறங்கும். அதனால் இன்றே மாத்திரையை ஏற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போகும் அன்று காலை மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் மலப் பரிசோதனையும், கூடவே இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கோவில்பட்டியிலிருந்து உங்களுக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

வேளச்சேரி_கன்னி | மார்ச் 3, இரவு 9:48

இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். என் கன்னி இன நாய் ஒரு வயதில் இதே மாதிரி இளைத்தாள். நான் போன கிளினிக்கில் மூன்று வாரம் வைட்டமின் ஊசி, லிவர் டானிக், கால்சியம் டானிக் என்று பை நிறையக் கொடுத்தார்களே தவிர ஒரு சொட்டு இரத்தம் எடுக்கவில்லை. நான்காவது வாரம் மூக்கில் இரத்தம் வந்தது. வேறு இடத்துக்கு ஓடினேன். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன, எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தார்கள். பிழைத்தாள், இப்போது 6 வயது.

நம் ஊரில் இந்தப் பழுப்பு உண்ணி கோடையிலும் போகாது. சுவர் விரிசலிலும் கூரை இடுக்கிலும் உட்கார்ந்திருக்கும். நாயின் மேல் காணவில்லை என்பதால் வீட்டில் இல்லை என்று அர்த்தமில்லை. அதுவும் உண்ணி கடித்து மாதக்கணக்கில் கழித்துக்கூட நோய் தலைகாட்டும்.

கோவில்பட்டி_செவலை | மார்ச் 6, இரவு 8:10

நேற்று இராமையன்பட்டி போய்வந்தோம். பேருந்தில் ஏற்றமாட்டார்கள் என்பதால் சித்தப்பா காரில்.

மலத்தில் கொக்கிப்புழு முட்டை நிறைய. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. உண்ணிக் காய்ச்சல் கிருமி எதுவும் தெரியவில்லை, தட்டணுக்களும் போதுமான அளவு. எடைக்கேற்ற மருந்து கொடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இரும்புச் சத்து மருந்தும் எழுதியிருக்கிறார்கள். தினமும் மலத்தை அள்ளிவிடச் சொன்னார்கள். ஈர மண்ணில் அந்தப் புழுக்குஞ்சு தோல் வழியாகவே ஏறுமாம், நாய்க்கும் சரி, வெறுங்காலில் விளையாடும் பிள்ளைகளுக்கும் சரி. என் அக்கா மகள் நாள் முழுக்க அந்த முற்றத்தில்தான் கிடப்பாள். கேட்டதும் பகீரென்றது.

சரி, இனி சாப்பாட்டுக்கு வருவோம். டாக்டர் புரதம் கூட்டச் சொன்னார், ஆனால் பின்னால் வரிசை நின்றதால் விவரமாகக் கேட்க முடியவில்லை.

தோட்டத்து_வீடு | மார்ச் 6, இரவு 9:25

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். வீட்டில் நான்கு நாய்கள், அதில் இரண்டு ராஜபாளையம், எல்லாம் என் அடுப்புச் சாப்பாடு. எனவே கணக்கு எனக்கு அத்துப்படி.

ஒரு நாய் சும்மா படுத்திருந்தாலே எரிக்கும் சக்தியைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம், அந்த விடைக்கு மீண்டும் வர்க்கமூலம். அதை 70ஆல் பெருக்குங்கள். வீரனின் இப்போதைய எடைக்குப் போடாமல், எட்டவேண்டிய எடைக்குப் போடுவோம், 16 கிலோ என்று வையுங்கள். 16×16×16 = 4096. வர்க்கமூலம் 64, அதற்கு வர்க்கமூலம் 8. எட்டெழுபது 560 கலோரி. நான்கு மாதம் தாண்டிய வளரும் குட்டிக்கு இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது நாளொன்றுக்கு 1,120 என்று தொடங்கலாம்.

நீங்கள் கொடுத்து வந்தது என்ன? ஒரு டம்ளர் பால் 130. மேரி பிஸ்கட் நான்கு, சுமார் 100. தயிர்சோறு ஒரு வேளைக்குக் கால் கிலோ என்றால் 260, இரண்டு வேளைக்கு 520. முட்டையைச் சராசரியாகச் சேர்த்தாலும் 800ஐத் தாண்டாது. அதில் புழு வேறு பங்கு கேட்டிருக்கிறது.

தயிர்சோறு மோசமில்லை. ஆனால் அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வயிறு பானை மாதிரி நிறையும், நாய் திருப்தியாகப் படுத்துவிடும், நமக்கும் மனசு நிறையும். உடம்புக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அளவைக் கூட்டினால் வயிறுதான் ஊதும். அதே அளவுக்குள் சத்தை அடர்த்தியாக்க வேண்டும்.

நான் செய்வதாக இருந்தால்: காலையில் நல்ல பப்பி டிரை ஃபுட் 150 கிராம் (பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி, பையில் பாருங்கள்). மாலை ஆறரைக்குச் சோறு 200 கிராம், வேகவைத்த முட்டை இரண்டு, எலும்பு நீக்கித் தோலோடு வேகவைத்த கோழி 100 கிராம், கொஞ்சம் பரங்கிக்காய். எல்லாம் சேர்த்து 1,150 பக்கம் வரும். வாரம் ஒருமுறை கோழி ஈரல் ஒரு துண்டு போதும், தினமும் வேண்டாம். இரவு படுக்கும் முன் ஒரு பிடி தயிர்சோறு கொடுங்கள், அவனுக்கும் ஒரு ஆசை இருக்குமே.

ஒரே நாளில் மாற்றினால் பேதியாகிவிடும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த இரண்டு நாள் பாதி, இப்படி ஒரு வாரத்தில் முழுதாக மாறுங்கள். சாம்பாரில் ஊறிய சோறு, வெங்காயம் போட்ட குழம்பு, பிரியாணி எலும்பு எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் கூடாது, காய்ந்ததும் சரி.

திருப்பூர்_ஜிம் | மார்ச் 6, இரவு 9:50

நெய் ஊத்தினா? ஒரு பெரிய ஸ்பூன் 100 கலோரிக்கு மேல வருமே, கணக்கு சுலபமா முடியும்.

கால்நடை_இறுதியாண்டு | மார்ச் 6, இரவு 10:12

குடல் புண்ணாகி இருக்கும் நேரத்தில் திடீரென்று கொழுப்பை ஏற்றினால் பேதி வரும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியே வரும். இரண்டு வாரம் போகட்டும். மலம் கெட்டியானதும் அரை டீஸ்பூன் போட்டுப் பார்க்கலாம். நெய்யில் கலோரி உண்டு, தசைக்கு வேண்டிய புரதம் இல்லை.

இன்னொன்று: காலையில் டிரை ஃபுட் கொடுக்கும்போது மேலே கால்சியம் டானிக் வேண்டாம். அதில் ஏற்கெனவே அளவாக இருக்கிறது. வளரும் வயதில் மிகுந்தாலும் எலும்பு கெடும். முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் கதை வேறு. இறைச்சியில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் மிகக் குறைவு. கறியை மட்டும் போட்டு வளர்த்தால் எலும்பு வலுவிழந்து கால் வளையும். அப்போது முட்டை ஓட்டுத் தூள் போன்றதை டாக்டரிடம் அளவு கேட்டுச் சேர்க்கவேண்டும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது.

கரிசக்காட்டான் | மார்ச் 7, காலை 5:55

சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள் தம்பி, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இந்த நாய்களுக்கு நெஞ்சுக்கூடு ஆழம். வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வயிறு மத்தளம் மாதிரி உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம் வெயில். பங்குனி பிறந்தால் மதியச் சாப்பாட்டை எந்த நாயும் தொடாது. விடியலிலும் பொழுது சாய்ந்ததும் வையுங்கள்.

கோவில்பட்டி_செவலை | மார்ச் 29, இரவு 9:15

மூன்று வாரக் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்கிறேன். 8ஆம் தேதி 13.6, 15ஆம் தேதி 13.9, 22ஆம் தேதி 14.1. மலம் கெட்டிப்பட்டுவிட்டது, ஈறு நிறம் திரும்புகிறது. இரண்டாவது தவணை மருந்தும் ஆயிற்று.

ஆனால் இன்று 14.0க்கு இறங்கிவிட்டது. நான்கு நாளாகக் காலைச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். மீண்டும் டாக்டரிடம் போகவேண்டுமா?

வேளச்சேரி_கன்னி | மார்ச் 29, இரவு 9:40

பக்கத்தில் ஏதாவது பெண் நாய் சூட்டில் இருக்கிறதா? இந்த வயதில் ஆண் நாய்கள் அந்தச் சமயத்தில் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

தோட்டத்து_வீடு | மார்ச் 29, இரவு 9:52

வீட்டில் வேறு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் அதைக் கேளுங்கள்.

கோவில்பட்டி_செவலை | மார்ச் 30, காலை 7:30

பிடித்துவிட்டேன். ஆச்சி.

ஊரிலிருந்து ஆச்சி வந்து ஐந்து நாள் ஆகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் காப்பி போடும்போதே ஒரு ரஸ்க் பொட்டலத்தை முக்கி முக்கி அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "பிள்ளை எலும்பும் தோலுமா நிக்கான், நீங்க அளந்து அளந்து போடுதீக" என்று எனக்கே திட்டு. ஏழு மணிக்கு அவனுக்கு எங்கிருந்து பசிக்கும்?

தோட்டத்து_வீடு | மார்ச் 30, காலை 8:05

காப்பி நாய்க்கு ஆகாது, அதை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். ஆச்சியைத் தடுக்கப் பார்க்காதீர்கள், ஜெயிக்க முடியாது. காலை டிரை ஃபுட்டை அளந்து ஆச்சி கையிலேயே கொடுத்து, "நீங்கதான் ஊட்டணும்" என்று சொல்லிவிடுங்கள்.

கோவில்பட்டி_செவலை | மே 31, இரவு 8:45

ரொம்ப நாள் ஆயிற்று. ஆச்சி வேலைக்குச் சேர்ந்த பிறகு கணக்கு தவறவே இல்லை. ஏப்ரல் 19இல் 14.7, மே 10இல் 15.6, இன்று காலை 16.3. வாரத்துக்கு 250 கிராம் பக்கம். மறுபடி மலப் பரிசோதனை செய்தோம், முட்டை எதுவும் இல்லை. ஹீமோகுளோபினும் சரியாகிவிட்டது. தொடை நன்றாகத் திரண்டிருக்கிறது. முதுகெலும்பு கைக்குத் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை. கடைசி மூன்று விலா மட்டும் வெளியே தெரிகிறது.

இனி 18, 19 வரை ஏற்றலாமா?

கால்நடை_இறுதியாண்டு | மே 31, இரவு 9:30

எண்ணைத் துரத்தாதீர்கள். இப்போது இருக்கும் உடல்நிலையைப் பிடித்துக்கொண்டு, அவன் வளர வளர எடை தானாக வரட்டும். வளர்ச்சி மட்டுப்படும்போது சாப்பாட்டையும் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். 2002இல் வெளியான ஒரு ஆய்வில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே ஆயுள் முழுக்க உணவளித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அடுத்த பூச்சி மருந்து எப்போது, எத்தனை மாத்திரை என்று இப்போதே எழுதி வையுங்கள்.

கோவில்பட்டி_செவலை | மே 31, இரவு 9:44

சமையலறை நாட்காட்டியில் எழுதியாயிற்று அக்கா: "ஜூன் 20, எடை பார்த்த பிறகு மாத்திரை." அட்டையிலேயே அளவுக் கணக்கையும் பேனாவால் குறித்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஐயா இன்று மாலையும் கேட்டார், "இன்னும் எலும்பு தெரியுதே தம்பி" என்று. கையைப் பிடித்து விலாமேல் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வீரன் அவர் வேட்டியை நக்கினான். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது மட்டும், "மீன் தலை இருக்கு, வேணுமா?" என்றார்.

தோட்டத்து_வீடு | மே 31, இரவு 9:58

முள் இல்லாமல் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.